ஆசிரியர் அடுத்து என்ன சொல்கிறார்? வயதுவந்த மாணவரும் கல்விமொழியும்

இருபது வருடம் கடை நடத்தியவர், மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவர், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர். இவர்களுக்குப் பேச்சில் ஒரு குறையும் கிடையாது. பேரம் பேசத் தெரியும், வழக்குத் தீர்க்கத் தெரியும், அதிகாரியிடம் காரியம் சாதிக்கத் தெரியும். ஆனால் 'ஒப்பிடுக', 'திறனாய்க' என்று முடியும் வினாவின் முன் பேனா நின்றுவிடுகிறது. பாடநூலும் தேர்வும் எதிர்பார்க்கும் கல்விமொழி இவர்களுக்கு எப்படிக் கைவருகிறது? வகுப்பில் ஆசிரியர் பேசும் பேச்சுக்கும், விடைத்தாளின் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புக்கும் அதில் என்ன பங்கு?

கேள்வி புதிதல்ல. பிரான்சில் பியர் பூர்தியூவும் ஜான்-க்ளோட் பாஸ்ரோனும் 1965இலேயே இதைக் கிளப்பினார்கள். கல்விமொழி யாருக்கும் தாய்மொழியில்லை, படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும்கூட இல்லை. ஆனால் அவர்கள் அதற்குப் பக்கத்து ஊரிலிருந்து கிளம்புகிறார்கள், மற்றவர்கள் வெகுதூரத்திலிருந்து வருகிறார்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பேராசிரியர் புரிந்திருக்கும் என்று பாவித்துப் பேசுகிறார், மாணவர் புரிந்ததாகப் பாவித்துக் கேட்கிறார், இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருக்கிறது என்றும் அவர்கள் சுட்டினார்கள். வயதில் மூத்த மாணவருக்கு இந்தப் பாவனை இன்னும் அவசியமாகிறது என்று சேர்த்துக்கொள்ளலாம். 'புரியவில்லை' என்று கைதூக்க 19 வயதில் வெட்கம் என்றால் 45 வயதில் அது கௌரவப் பிரச்சினை.

அதன் பிறகு வந்த விடைகளில் பெரும்பாலானவை கல்விமொழி என்பது என்ன, அது யாரிடம் இல்லை என்ற இடத்திலேயே சுற்றிவருகின்றன. மாணவர் வாய்திறந்து ஒன்றைச் சொன்னதும் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்ற சின்ன இடத்தில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்த இடத்தைப் பற்றிய சான்றுகளும் முழுமையானவை என்று சொல்லிவிட முடியாது.

குறை யாரிடம்?

பேசில் பெர்ன்ஸ்டைன் 1950களில் லண்டனில், வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்தில் ஒரு நாள் கல்லூரிக்கு வரும் தொழிலாளர் வீட்டு இளைஞர்களுக்குப் பாடம் நடத்தினார். அவரது புகழ்பெற்ற கோட்பாட்டின் விதை அங்கே விழுந்தது. கேட்பவருக்கும் சூழல் தெரியும் என்று நம்பிப் பேசும் சுருங்கிய குறிமுறை, எதையும் அனுமானத்துக்கு விடாமல் சொல்லி முடிக்கும் விரிந்த குறிமுறை என்று இரண்டாகப் பிரித்தார். பள்ளி இரண்டாவதைக் கேட்கிறது. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளுக்கு முதலாவதே பழக்கம். அவர் இதைக் குறைபாடு என்று சொல்ல வரவில்லை என்று பிற்பாடு பலமுறை விளக்கியும், கல்வித்துறைகள் அதை அப்படித்தான் வாசித்தன.

அமெரிக்காவில் வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய கட்டுரை இந்த வாசிப்பைத் தாக்கியது. லாரி என்ற கறுப்பினச் சிறுவனின் தெருப்பேச்சையும், கல்லூரி படித்த ஒருவரின் பேச்சையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடவுள், சொர்க்கம் பற்றி லாரி பேசியதில் வாதம் இறுக்கமாக இருந்தது. படித்தவர் பேச்சில் தயக்கமும் சுற்றிவளைப்பும் மிகுதி. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். லபோவ் சுட்டியது சரியான இடம். ஆனால் இரண்டு பேச்சை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி எஞ்சுகிறது. லாரியின் தர்க்கம் குறையில்லாதது என்பதால் அவன் வேதியியல் ஆய்வறிக்கை எழுதிவிடுவான் என்று ஆகிவிடாது.

கனடாவில் ஜிம் கமின்ஸ் 1979இல் முன்வைத்த பிரிவு ஆசிரியர்களிடம் மிகவும் செல்லுபடியானது. அன்றாட உரையாடல் திறன் ஒன்று, கல்விசார் மொழித்திறன் வேறு. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் முதலாவதை ஏறக்குறைய 2 ஆண்டில் எட்டுகிறார்கள், இரண்டாவதற்கு 5 முதல் 7 ஆண்டு பிடிக்கிறது. சரளமாகப் பேசும் பிள்ளை பாடத்தில் தடுமாறினால் மூளை மந்தம் என்று முத்திரை குத்தும் பள்ளிகளைத் தடுக்க இது உதவியது. ஆனால் கணக்கு பள்ளிப் பிள்ளைகளுடையது. இரவு வகுப்புக்கு வரும் ஒருவருக்கு 5 ஆண்டு என்பது பட்டப்படிப்பின் காலத்தைவிட நீளம். அவருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று கமின்ஸின் தரவு சொல்லவில்லை.

அண்மைக்காலத் தாக்குதல் வேறு திசையிலிருந்து வந்தது. நெல்சன் ஃப்ளோரஸும் ஜொனாதன் ரோசாவும் 2015இல், கல்விமொழி என்று ஒன்று மாணவர் வாயில் இருக்கிறதா இல்லையா என்று தேடுவதே பிழை என்றார்கள். ஒரே வாக்கியத்தை வெள்ளையர் சொன்னால் தேர்ந்த மொழியாகவும், மற்றவர் சொன்னால் குறையுள்ள மொழியாகவும் கேட்கும் காதைத்தான் ஆராய வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆசிரியரின் காதைச் சந்தேகிக்கச் சொன்னது பெரிய நன்மை. ஆனால் திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் போகிற ஆசிரியருக்கு, தன் காதைச் சந்தேகித்த பிறகு என்ன செய்வது என்று இந்த வாதம் அதிகம் சொல்வதில்லை.

எளிமையாகப் பேசினால் போதுமா?

பெரும்பாலான ஆசிரியர்கள் கையாளும் வழி எளிமையாக்கல். ஸ்டீபன் க்ராஷன் 1980களில் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். மாணவர் இப்போது நிற்கும் படிக்கு ஒரு படி மேலே, ஆனால் விளங்கும்படியாகப் பேசிக்கொண்டே இருந்தால் மொழி தானாக வந்து சேரும் என்றார். வயதுவந்தவர்களைப் பொறுத்தவரை இதற்கு ஒரு சங்கடமான எதிர்ச்சான்று அதே காலத்திலேயே வந்தது. ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் வெளியிட்ட ஆய்வில் வெஸ் என்று பெயரிடப்பட்ட ஜப்பானிய ஓவியர் ஹவாயில் ஆங்கிலம் பேசுபவர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகுகிறார். தொழில் நடக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், கலகலப்பாகப் பேசுகிறார். இலக்கணம் மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. காதில் விழுவது போதாது, விழுவதை மனம் கவனித்தாக வேண்டும் என்ற முடிவுக்கு ஷ்மிட் பின்னர் வந்தார்.

எளிமையாக்கலுக்கு இன்னொரு விலையும் உண்டு. கடினமான சொல்லை ஆசிரியர் தினமும் தவிர்த்துவந்தால், அந்தச் சொல் மாணவர் கண்ணில் படுவது தேர்வு அறையில்தான். யானோ, லாங், ராஸ் மூவரும் 1994இல் ஜப்பானியக் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய வாசிப்பு ஆய்வு இதற்கு மாற்று ஒன்றைச் சோதித்தது. கடினமான சொல்லை நீக்காமல், பக்கத்திலேயே அதை விரித்துச் சொல்லும் பனுவல் ஒரு பக்கம். சொல்லையே மாற்றிய எளிய பனுவல் மறுபக்கம். மொத்தப் புரிதலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஊகித்து விடை சொல்ல வேண்டிய இடங்களில் விரித்துச் சொன்னது முந்தியது. இது அச்சிட்ட பனுவல் பற்றியது. வாய்ப்பேச்சுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. நல்ல ஆசிரியர் பலர் சொல்லைச் சொல்லி, உடனே 'அதாவது' என்று தொடர்வது இதே உத்திதான்.

மெரில் ஸ்வெய்ன் 1985இல் கேட்டது இன்னும் அடிப்படையான கேள்வி. கனடாவில் பிரெஞ்சு வழியில் ஆண்டுக்கணக்காகப் படித்த பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் சூரர்கள், பேசும்போதும் எழுதும்போதும் பின்தங்கியவர்கள். அவர்கள் நீளமாகப் பேசவேண்டிய கட்டாயம் வகுப்பில் ஏற்படவில்லை என்பதைக் காரணமாகக் காட்டினார். இதை ஒப்புக்கொண்டால், ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பதைவிட, அவர் பேச்சு மாணவரை எவ்வளவு பேசவைக்கிறது என்பதே அளவுகோலாகிறது.

கேள்வி, விடை, அதற்குப் பிறகு

பர்மிங்காமில் ஜான் சிங்க்ளேரும் மால்கம் கூல்டார்டும் 1975இல் வகுப்பறைப் பேச்சின் எலும்புக்கூட்டை வரைந்து காட்டினார்கள். ஆசிரியர் கேட்கிறார், மாணவர் சொல்கிறார், ஆசிரியர் அதன்மேல் ஏதோ சொல்கிறார். மூன்றே அடி. நான்கு வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயது மாணவருக்கும் இதே அமைப்பு. முதல் அடியில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஆசிரியருக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வி. உலக அனுபவம் உள்ளவரிடம் இப்படிக் கேட்பதில் ஒரு அபத்தம் இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

சிந்தியா ப்ராக் 1986இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் வயதுவந்த ஆங்கில மாணவர்களிடம் செய்த சிறிய ஆய்வு இங்கே முக்கியம். ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்கச் சில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அந்த வகுப்புகளில் விடைகள் நீண்டன, வாக்கியங்கள் சிக்கலாயின. கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பதும் இதோடு சேர்ந்தது. பள்ளி அறிவியல் வகுப்புகளில் மேரி பட் ரோ 1974இல் கண்டது: ஆசிரியர்கள் விடைக்குக் காத்திருப்பது சராசரியாக 1 வினாடி, அதை 3 வினாடியாக்கினால் விடையின் நீளமும் தரமும் கூடுகின்றன.

ஆனால் மூன்றாவது அடியில்தான் சிக்கல் முழுதாக வெளிப்படுகிறது. ஒரு பொருளியல் மாலை வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். வெங்காய விலை ஏன் ஏறியது என்று ஆசிரியர் கேட்கிறார். காய்கறிக் கடை வைத்திருக்கும் மாணவர் சொல்கிறார்:

"மழையில வரத்து கம்மியாயிடுச்சு சார், அதான் ரேட்டு ஏறிடுச்சு."

ஆசிரியர் 'சரி, உட்காருங்க' என்று அடுத்தவரிடம் போகலாம். 'அதாவது அளிப்பு குறைந்ததால் விலை உயர்ந்தது' என்று பாடநூல் வாக்கியமாக மாற்றிச் சொல்லலாம். அல்லது இப்படித் தொடரலாம்:

"வரத்து கம்மின்னு சொன்னீங்க. அளிப்புன்னு புஸ்தகத்துல இருக்கே, ரெண்டும் ஒண்ணா? மண்டியில சரக்கு இருந்தும் கடைக்கு வராம போறது உண்டா?"

"உண்டு சார். குடோன்ல வச்சுக்கிட்டு விடமாட்டாங்க."

"அப்ப மழை மட்டும் காரணம் இல்ல. கோயம்பேடே பார்க்காத ஒருத்தருக்குப் புரியற மாதிரி இதை மூணு வரியில எழுதுங்க பார்ப்போம்."

முதல் பதிலில் மாணவர் சொன்னது காற்றோடு போகிறது. இரண்டாவதில் கல்விமொழி காதில் விழுகிறது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னவர் ஆசிரியர். மூன்றாவதில் மாணவரின் அறிவு அவரிடமிருந்தே பிடுங்கப்படாமல், சந்தையையே அறியாத வாசகருக்கு எழுதும் நிர்பந்தம் மட்டும் கூடுகிறது. பெர்ன்ஸ்டைன் சொன்ன விரிந்த குறிமுறை என்பது நடைமுறையில் இந்த நிர்பந்தம்தான் என்று வாதிடலாம்.

இரண்டாவது வழியைப் பற்றித்தான் ஆய்வுகள் அதிகம், முடிவுகள் முரண். லிஸ்டரும் ரான்டாவும் 1997இல் கனடாப் பள்ளிகளில் பார்த்தபோது, ஆசிரியர்கள் பிழை திருத்துவதில் பாதிக்கு மேல் இப்படி மாற்றிச் சொல்வதாகவே இருந்தது. மாணவர்கள் அதை ஏற்றுத் திருப்பிச் சொன்னது மிகக் குறைவு. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு நகர்ந்திருக்கலாம். மான்ட்ரியலில் வயதுவந்தோர் வகுப்பொன்றில் பனோவாவும் லிஸ்டரும் 2002இல் கண்டதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் ஆக்லாந்தில் எல்லிஸும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் பார்த்த வயதுவந்தோர் வகுப்புகளில் முக்கால் பங்கு திருத்தங்களை மாணவர்கள் கவனித்துப் பதிலளித்தார்கள். கட்டணம் செலுத்தி மொழிக்கென்றே வந்த சின்ன வகுப்பு, வடிவத்தின் மேலேயே கண். வேறுபாட்டுக்கு இது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் பொருளியலுக்காக வந்திருக்கும் கடைக்காரர் கவனிக்கப்போவது பொருளைத்தான். தவிர, உடனே திருப்பிச் சொன்னவர் மூன்று மாதம் கழித்து அதைத் தாமாகச் சொல்வாரா என்பது வேறு கேள்வி.

ஆசிரியர் முட்டுக்கொடுத்து, மாணவர் தாமே நிற்க ஆரம்பித்ததும் விலகிக்கொள்ளும் முறைக்குக் கல்வியியலில் சாரம் கட்டுதல் என்று உருவகம். 1976இல் உட், புரூனர், ராஸ் மூவரும் அதைப் பிரபலமாக்கிய ஆய்வில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டையால் பிரமிடு கட்டினார்கள். இன்று முதுகலை ஆய்வேடு எழுதும் ஐம்பது வயதுக்காரருக்கும் அதே உருவகம் எடுத்துச் சொல்லப்படுகிறது. தவறில்லை, ஆனால் பிரமிடின் உச்சிக்கட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஆசிரியருக்குச் சந்தேகமில்லை, ஆய்வேட்டில் அது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

விடைத்தாளின் ஓரம்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் பள்ளி முடித்த எவருக்கும் இடம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதுவரை பல்கலைக்கழகத்தின் பக்கமே வராதவர்கள் வந்தார்கள். சிட்டி கல்லூரியில் மினா ஷானசி ஏறக்குறைய 4,000 நுழைவுக் கட்டுரைகளைப் படித்து, 1977இல் ஒரு நூல் எழுதினார். இந்தப் பிழைகள் அலட்சியத்தால் வருபவை என்று தோன்றினாலும் ஒவ்வொன்றிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, எழுதியவர் ஏதோ ஒரு விதியைப் பின்பற்றுகிறார். அதைக் கண்டுபிடிப்பது ஆசிரியர் வேலை என்றார். சிவப்பு மையை வீசி எறியாமல் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த நூல் அது.

பின்னர் அதுவே விமர்சனத்துக்கு ஆளானது. டேவிட் பார்தலோமே 1985இல், மாணவர் தமக்கு இன்னும் சொந்தமில்லாத ஓர் அதிகாரக் குரலைப் போட்டுப் பார்க்கிறார், பிழை அந்த நடிப்பிலிருந்தே வருகிறது என்றார். மின்-ஜான் லூ, ஷானசி வடிவத்தையும் பொருளையும் பிரித்துவிட்டார், கல்விமொழிக்குள் வருபவர் தம்முடைய பார்வையில் எதை இழக்கிறார் என்று கேட்கவில்லை என்று குற்றம்சாட்டினார். குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் 4,000 கட்டுரையை உட்கார்ந்து படித்தவரிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் பணிவும் வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் வாதம் நிறுவனத்தின் பக்கம் திரும்பியது. மேரி லீயும் பிரையன் ஸ்ட்ரீட்டும் 1998இல் ஆசிரியர்களின் குறிப்புகளையும் மாணவர்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். 'வாதம் தெளிவாக இல்லை' என்று வரலாற்று ஆசிரியர் எழுதினால் ஒரு பொருள், மானிடவியல் ஆசிரியர் எழுதினால் இன்னொன்று. இரு துறைக்கும் எழுதும் மாணவர் எதைத் திருத்துவது? வேலையும் குடும்பமுமாகப் படிக்க வந்த பெண்களோடு உழைத்த தெரசா லில்லிஸ், இந்த நிலையை நிறுவனம் காக்கும் மர்மம் என்று வர்ணித்தார். ராஸ் இவானிச் 1998இல் வெளியிட்ட, 8 முதிர்ந்த மாணவர்களைப் பற்றிய ஆய்வில் எழுத்து அவர்களுக்குத் தேர்ச்சிப் பிரச்சினையாக மட்டும் இல்லை; 'இதில் பேசுவது நானா' என்ற சங்கடமாகவும் இருந்தது. அஞ்சல்வழி, தொலைநிலைப் படிப்புகளில் பலருக்கு ஆசிரியரிடமிருந்து கிடைக்கும் பேச்சே அந்த ஓரக்குறிப்புதான் என்பதை நினைத்தால் இதன் கனம் விளங்கும்.

மர்மத்தை உடைக்க ஆஸ்திரேலியாவின் சிட்னி வட்டாரத்தினர் நேர்வழி ஒன்று சொன்னார்கள். ஜே.ஆர். மார்ட்டின், ஜோன் ரோதரி முதலியோர், மொழியியலாளர் ஹாலிடேயின் கோட்பாட்டை வைத்து, விளக்கவுரை எப்படி அமைகிறது, வாதவுரை எப்படி அமைகிறது என்று பிரித்துக் காட்டினார்கள். முதலில் ஒரு மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, பிறகு வகுப்பே சேர்ந்து பலகையில் எழுதுவது, கடைசியில் தனியே எழுதுவது. அந்நாட்டின் வயதுவந்த குடியேறிகளுக்கான ஆங்கிலத் திட்டத்திலும் இம்முறை புகுந்தது. அதிகாரத்தின் மொழியை மறைத்துவைப்பதுதான் ஏழை மாணவருக்குச் செய்யும் துரோகம் என்று அமெரிக்காவில் லிசா டெல்பிட் 1988இல் எழுதியதும் இதற்கு வலுச் சேர்த்தது. எதிர்வாதம்: அச்சைக் கொடுத்தால் அச்சு வார்த்த கட்டுரைதான் வரும், அதிகாரத்தின் வடிவத்தைக் கற்பதால் அதிகாரம் வந்துவிடாது. இரண்டும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு.

பாவ்லோ ஃப்ரெய்ரே இந்த வரிசையில் சற்றே விலகி நிற்பவர். 1963இல் பிரேசிலின் அங்கிகோசில் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு என்ற முயற்சியிலிருந்து அவரது புகழ் தொடங்கியது. உரையாடலே கல்வி என்ற அவர் கொள்கை உலகெங்கும் முதியோர் கல்வியைத் தொட்டது. எழுத்தறிவிலிருந்து ஆய்வுக்கட்டுரை வரையிலான நெடுந்தூரத்தைப் பற்றி அதில் அதிகம் இல்லை.

வீட்டுமொழிக்கும் வகுப்புக்கும் இடையே

மேற்சொன்ன ஆய்வுகளில் பல, வகுப்பில் ஒரே மொழி என்று எடுத்துக்கொண்டவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1994 வரை கற்பித்த சுரேஷ் கனகராஜாவின் 1999 நூல் அந்த அனுமானத்தை அசைத்தது. போர்ச்சூழலில் அமெரிக்கப் பாடநூல் ஒன்றை வைத்து ஆங்கிலம் படித்த மாணவர்கள், அதன் ஓரங்களில் தமிழில் குறிப்பும் கிறுக்கலும் சித்திரமும் நிரப்பியிருந்தார்கள். வகுப்பில் வாய்திறந்து சொல்லாத எதிர்ப்பு அங்கே இருந்தது. அதே சமயம் தேர்வில் தேறும் ஆசையும் குறையவில்லை. ஆசிரியர்களும் ஆங்கில வகுப்பில் தமிழுக்குத் தாவினார்கள். அதட்டவும், உற்சாகப்படுத்தவும், கடினமானதை விளக்கவும். இதை ஒழுங்கீனமாகப் பார்க்காமல் கற்பித்தலின் கருவியாகப் பார்க்க அவர் வழிகாட்டினார்.

தமிழ்வழிப் படிப்பிலும் இதே பிரச்சினை வேறு உருவில் உண்டு. ஆசிரியர் விளக்குவது பேச்சுத் தமிழில், எதிர்பார்ப்பது எழுத்துத் தமிழில். வெங்காய வகுப்பில் மாணவரும் ஆசிரியரும் ஒரே மொழிதான் பேசினார்கள். இருந்தும் 'ரேட்டு ஏறிடுச்சு' என்பதிலிருந்து 'விலை உயர்ந்தது' என்பது வரை ஒரு பயணம் இருக்கிறது. படித்த வீட்டுப் பிள்ளை அந்தத் தூரத்தைப் பத்து, பன்னிரண்டு வருடப் பள்ளியில் மெல்ல நடந்துவிடுகிறது. பாதியில் நின்று, திரும்பி வந்தவருக்கு அது மூன்று வருடத்துக்குள், வார இறுதித் தொடர்பு வகுப்புகளுக்குள் சுருங்குகிறது. இருமொழி வகுப்பைப் பற்றிய வாதங்களை இரட்டை வழக்குள்ள ஒரே மொழிக்கு எந்த அளவு பொருத்தலாம் என்பது இன்னும் தீராத விஷயம்.

எஞ்சி நிற்பவை

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. ஆசிரியர் பேச்சைக் கேட்பதால் மட்டும் கல்விமொழி வந்துவிடுவதில்லை. ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வியும், காத்திருப்பும், மாணவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர்வதும் அவர் பேச்சை நீளமாக்குகின்றன. எதிர்பார்ப்பது என்ன என்பதை வெளிப்படையாகச் சொல்வது சொல்லாமல் விடுவதைவிட நல்லது. இவற்றுக்கு ஆதரவான சான்றுகளில் பல மொழி வகுப்புகளிலிருந்தும் சிறுவர் பள்ளிகளிலிருந்தும் வந்தவை; சட்டமோ கணக்கியலோ படிக்கும் வயதுவந்தவர் வகுப்பிலிருந்து வந்தவை சொற்பம்.

திருத்தத்தை யார் முன்னால் செய்வது என்பதும் தெளிவாகவில்லை. தம்மைவிட இளைய ஆசிரியர் பலர் முன்னிலையில் வாக்கியத்தை மாற்றிச் சொல்லும்போது, மூத்த மாணவர் அதைத் தம் வேலையைப் பற்றிய குறிப்பாக எடுத்துக்கொள்கிறாரா, தம்மைப் பற்றிய குறிப்பாக எடுத்துக்கொள்கிறாரா? அதைப் பொறுத்து அடுத்த வாரம் அவர் வாய்திறப்பாரா மாட்டாரா என்பது முடிவாகலாம். இதை ஒரு வகுப்பின் ஒலிப்பதிவு மட்டும் காட்டாது. வகுப்பை விட்டு நின்றவர்களிடமும் போய்க் கேட்க வேண்டும். ஆய்வுகள் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களோடு முடிந்துவிடுகின்றன.

கால அளவுதான் மிகக் கடினமான பகுதி. மூன்றாவது அடியின் பலன் அதே மணி நேரத்தில் அளக்கப்படுகிறது. கல்விமொழி ஆண்டுகளில் உருவாகிறது. ஒரே மாணவரின் வகுப்புப் பேச்சையும் அவர் எழுதிய தாள்களையும் அவற்றின் ஓரக்குறிப்புகளையும் முதல் பருவத்திலிருந்து பட்டம் பெறும் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆசிரியரின் எந்தச் சொல் ஒட்டியது, எது உதிர்ந்தது என்று தெரியவரலாம். அப்படிப்பட்ட ஆய்வுக்குப் பொறுமையும் பணமும் வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களை நம்பி நடக்கும் பாடத்திட்டங்களில், முதல் பருவத்தில் பேசிய ஆசிரியரே கடைசிப் பருவத்திலும் இருப்பார் என்ற உத்தரவாதமும் வேண்டும்.